'யாருக்கு?' என்று கேட்பதில் நாம் சறுக்கும் இடங்கள்

"எனக்குக் கோபம் வந்தது" என்கிறோம். பஸ் வந்தது, மழை வந்தது மாதிரிதான் அதுவும். வந்தது வேறு, யாருக்கு வந்ததோ அவர் வேறு என்று தமிழ் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. ரமண மகரிஷி பிடித்துக்கொண்டது அந்த 'எனக்கு'வைத்தான்.

1902 வாக்கில், திருவண்ணாமலை விருபாட்ச குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்வி கேட்க, அப்போது பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களே 'நான் யார்?' என்ற சிறு நூல். எண்ணம் எழுந்தால் அதன் பின்னால் ஓடாமல் 'இது யாருக்கு?' என்று விசாரிக்க வேண்டும். 'எனக்கு' என்று தோன்றும். அந்த 'நான்' யார் என்று உள்ளே திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வழி.

முதல் சறுக்கல், கேள்வியை ஜபமாக்குவது. நானும் பல மாதம் 'நான் யார், நான் யார்' என்று ரயில் சத்தம் போல ஓடவிட்டிருக்கிறேன். 'நான் உடலல்ல, ஆன்மா' என்று பதில் எழுதிக்கொள்வது அதைவிட மோசம். இது பரீட்சை இல்லையே!

அடுத்தது, எண்ணங்களை அடக்கப் பார்ப்பது. மூச்சைக் கட்டினால் மனம் அடங்கும், மூச்சு வெளிப்பட்டதும் மனமும் வெளிப்பட்டுவிடும் என்கிறார் ரமணர். எண்ணங்கள் கோட்டைக்குள் இருக்கும் எதிரிகள் மாதிரி; உள்ளே இருக்கும்வரை வெளியே வந்துகொண்டேதான் இருப்பார்களாம். ஒவ்வொருவராக வரும்போதே 'யாருக்கு?' என்று கேட்டு வெட்ட வேண்டியதுதான்.

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு ஆபீஸிலிருந்து வாட்ஸ்அப்: 'நாளை பேசணும்.' ஒரே நிமிடத்தில் வேலை போய், வீட்டுக்கடன் தவணை நின்று, மாமனாரிடம் கைநீட்டி நிற்கிறேன். 'யாருக்கு?' என்றேன். 'எனக்கு.' கதை அறுந்தது. வயிற்றின் இறுக்கம் அப்படியே இருந்தது. இரண்டே நிமிடத்தில் மாமனார் திரும்ப வந்தார். திரும்பக் கேட்டேன். 'இத்தனை நாள் கழித்தும் இப்படியா' என்ற சலிப்பும் வந்தது. அதுவும் யாருக்கோ வந்ததுதான். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

'நான் எல்லாவற்றையும் சாட்சியாகப் பார்க்கிறேன்' என்ற பெருமை இன்னும் நைசான சறுக்கல். வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் 'கவனித்துக்கொண்டிருக்கும்' ஆட்களை எனக்குத் தெரியும். ரமணரோ விடியுமுன்பே ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கியவர்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாகத் தோன்றுகிறது என்றால் இந்த 'யாருக்கு?' விசாரம் காத்திருக்கட்டும். மனநல மருத்துவரை உடனே பாருங்கள்.