கணக்கு பயத்துக்கு டேப்பிங்: எங்கே சொதப்புகிறோம்?

டேப்பிங் கணக்கு சொல்லித் தராது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செய்து பார்த்துவிட்டு "ஒண்ணும் வேலைக்கு ஆகலை" என்று விட்டுவிடுகிறவர்களில் நிறையப் பேர் இதை மறந்தவர்கள்தான். நெஞ்சு படபடப்பது, உள்ளங்கை வியர்ப்பது, வயிற்றைப் பிசைவது, தாளைப் பார்த்ததும் தெரிந்ததெல்லாம் மறந்துபோவது, இதையெல்லாம் கொஞ்சம் தணிக்க அது உதவலாம். பின்னங்களைக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குத் தட்டி முடித்த பிறகும் பின்னங்களைக் கூட்டத் தெரியாது. பதற்றமில்லாமல் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் பதற்றமில்லாத பிள்ளைக்குத்தான் எதையும் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதால் அதையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு: விரல் நுனிகளால் உடம்பில் சில இடங்களை மெதுவாகத் தட்டிக்கொண்டே, மனதை உறுத்துகிற விஷயத்தை வாய்விட்டுச் சொல்வதுதான் டேப்பிங். உள்ளங்கையின் வெளிப்பக்க ஓரம், உச்சந்தலை, புருவத்தின் உள்முனை, கண்ணின் ஓரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, கீழுதட்டுக்கு அடியில் இருக்கும் பள்ளம், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, அக்குளுக்குக் கீழே, இவைதான் வழக்கமான இடங்கள். அமெரிக்க உளவியலாளர் ரோஜர் காலஹன் 1980களில் தொடங்கியதை, அவரிடம் கற்றுக்கொண்ட கேரி கிரெய்க் 1990களில் எளிமையாக்கி ஈ.எஃப்.டி. (Emotional Freedom Techniques) என்ற பெயரில் பரப்பினார். கிரெய்கின் ஆரம்பகால முறையில் கண்ணை உருட்டுவது, ஏதாவது பாட்டை முணுமுணுப்பது, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவது எல்லாம்கூட இருந்தது. இப்போது பலரும் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள், நல்லதுதான்.

சரி, தவறுகளுக்கு வருவோம். அதிகம் கண்ணில் படுவது, புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. "அரை அங்குலம் தள்ளித் தட்டிவிட்டோமே, வரிசை மாறிவிட்டதே, ஏழு தடவைக்குப் பதில் ஒன்பது தடவை ஆகிவிட்டதே" என்ற கவலை. 2003ஆம் ஆண்டு கனடாவில் வெயிட், ஹோல்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 பல்கலைக்கழக மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு முறைப்படியான இடங்களில் தட்டியது, இன்னொரு குழு கையில் சம்பந்தமில்லாத இடங்களில் தட்டியது, மூன்றாவது குழு தன் உடம்பையே தொடாமல் ஒரு பொம்மையைத் தட்டியது. மூன்று குழுக்களுக்கும் பயம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. தட்டாமல் காகிதத்தில் பொம்மை செய்துகொண்டிருந்த நான்காவது குழுவுக்குக் குறையவில்லை. டேப்பிங் ஏன் வேலை செய்கிறது என்பதற்குச் சக்தி ஓட்டம், நாடி அடைப்பு என்று சொல்லப்படும் விளக்கங்களுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பயத்தை ஒளிக்காமல் பேர் சொல்லிச் சொல்வது, அதே நேரம் கை ஒரு தாளத்தில் எதையோ செய்துகொண்டிருப்பது, பயப்படும் விஷயத்தின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். ஈ.எஃப்.டி. பதற்றத்தைக் குறைத்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றில் பல சின்ன அளவில் நடந்தவை.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு லாபம் உண்டு. பிள்ளையிடம் "உனக்குள்ளே ஏதோ அடைபட்டிருக்கு, அதைத் திறக்கணும்" என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே "எனக்கு மூளையே கிடையாது" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போய் இன்னொரு கோளாறையும் கண்டுபிடித்துச் சொல்வது தேவையா? "படபடப்பா இருக்கும்போது கைக்கு ஒரு வேலை கொடுத்தா உடம்பு கொஞ்சம் அடங்கும், செஞ்சு பார்ப்போமா" என்றால் போதும். உண்மையும் அதுதான்.

அடுத்தது, பயத்தை மொத்தமாக எடுத்துக்கொள்வது. "எனக்குக் கணக்கு பயம் இருந்தாலும்..." என்று ஆரம்பித்து ஐந்து சுற்றுத் தட்டினாலும் ஒன்றும் அசையாது, ஏனென்றால் அந்தப் பிள்ளை பயப்படுவது கணக்கு என்ற மொத்தப் பாடத்துக்கு அல்ல, அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு நொடிக்கு. அதைத் தோண்டி எடுக்கத்தான் பொறுமை வேண்டும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்: "கணக்கு பிடிக்கலை." சரி, எப்ப ரொம்ப மோசமா இருக்கும்? "எப்பவுமே." பாடம் நடத்தும்போதா, வீட்டுப்பாடம் செய்யும்போதா? "இல்ல, பேப்பர் கொடுக்கும்போது." அப்ப என்ன ஆகும்? "மார்க்கைச் சத்தமா படிப்பாங்க. என் பேரு வர்றதுக்கு முன்னாடியே காது சூடாயிடும்." கிடைத்துவிட்டது. தட்ட வேண்டியது அந்தக் காதுச் சூட்டுக்குத்தான். "பேர் வரப்போகுதுன்னா காது சூடாகுது, இருந்தாலும் பரவாயில்லை, நான் இப்ப இங்கதான் இருக்கேன்" என்று பிள்ளை தன் வாயால் சொல்லித் தட்டட்டும். கூடவே மதிப்பெண்ணை வகுப்பில் சத்தமாகப் படிப்பதை நிறுத்தச் சொல்லி ஆசிரியரிடம் பேசுங்கள். காரணம் வெளியே இருக்கும்போது பிள்ளையை மட்டும் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்வது அநியாயம்.

பிள்ளையின் சொந்த வார்த்தைகள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "நான் என்னை ஆழமாகவும் முழுமையாகவும் ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் பெரிய பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், சின்னப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். இரண்டிலும் பயன் இல்லை. இதைவிட மோசம், பயத்தைச் சொல்லவே விடாமல் நேராக "நான் கணக்கில் புலி, எனக்கு நூற்றுக்கு நூறு" என்று தட்ட வைப்பது. போன வாரம் 31 வாங்கிய பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் தெரியும் என்பதும் தெரியும். முதலில் உள்ளதை உள்ளபடி சொல்ல விடுங்கள், "வெறுப்பா வருது", "அழுகை வருது", "இந்தப் புத்தகத்தைக் கிழிச்சுப் போடணும் போல இருக்கு" எதுவானாலும் சரி. கொஞ்சம் தணிந்த பிறகு "ஒரு வரி மட்டும் போட்டுப் பார்க்கிறேன்" என்ற அளவுக்கு நம்பக்கூடிய ஒன்றைச் சேர்த்தால் போதும்.

தட்டுவதற்கு முன்னும் பின்னும் பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்பது வழக்கம். ஜோசஃப் வோல்பி என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய அளவுகோலிலிருந்து வந்த பழக்கம் அது. நல்ல கருவிதான். ஆனால் எண்ணைக் கண்டாலே நடுங்குகிற பிள்ளையிடம் முதல் கேள்வியாக ஓர் எண்ணைக் கேட்கிறோம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. "எட்டு" என்று சொன்ன பிள்ளையிடம் இரண்டு சுற்றுக்குப் பிறகு "இப்ப எவ்வளவு? இன்னும் ஆறா? ஏன் குறையலை?" என்று கேட்டால் அதுவும் ஒரு பரீட்சையாகிவிடும், பிள்ளையும் உங்களைத் திருப்திப்படுத்த "ரெண்டு" என்று சொல்லித் தப்பிக்கும். இரண்டு கைகளை விரித்துக் காட்டச் சொல்லுங்கள், இவ்வளவு பெரிசு, இப்ப இவ்வளவு என்று. குறையவில்லை என்றால் குறையவில்லை. தோள் இறங்கியிருக்கிறதா, மூச்சு நீண்டிருக்கிறதா என்று நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் தவறு. தட்டி முடித்துப் பிள்ளையும் தெளிவானதும் "அப்பாடா" என்று புத்தகத்தை மூடிவிடுவது.

கணக்கு பயம் ஏன் மதிப்பெண்ணைச் சாப்பிடுகிறது என்று பார்த்தால் இது புரியும். 47ஐயும் 38ஐயும் மனதில் கூட்டும்போது 7ம் 8ம் 15, 5ஐப் போட்டு 1ஐ வைத்துக்கொள்ள வேண்டும், அந்த 1ஐ மறக்காமல் 4ஐயும் 3ஐயும் கூட்ட வேண்டும். அந்த 1ஐப் பிடித்து வைத்திருக்கும் இடம் மூளையில் ரொம்பச் சின்னது. "தப்பாப் போயிடுமோ, எல்லாரும் முடிச்சுட்டாங்களோ" என்ற எண்ணங்களும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன, 1 கீழே விழுந்துவிடுகிறது. ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற ஆய்வாளர்கள் 2001இல் காட்டியது இதைத்தான்: இப்படி எதையாவது மனதில் பிடித்து வைக்க வேண்டிய கணக்குகளில்தான் பயந்த மாணவர்கள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். ஆக, தட்டி முடித்ததும் அந்த இடம் கொஞ்ச நேரத்துக்குக் காலியாகிறது. அந்த நேரத்தில் ஒரு கணக்காவது போடாவிட்டால் தட்டியது வீண். அதோடு, பயம் வரும்போதெல்லாம் தட்டிவிட்டு எழுந்து போகலாம் என்று பழகிவிட்டால் டேப்பிங்கே தப்பித்து ஓடும் வழியாகிவிடும். ஓடினால் பயம் வளரும்.

அதனால் உட்காரும்போதே மேசையில் கணக்கு இருக்கட்டும். 3/4ஐயும் 2/5ஐயும் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாளைப் பார்த்தபடியே ஒரு சுற்று. பிறகு கேள்வியை மட்டும் நோட்டில் எழுதட்டும். திரும்பப் படபடப்பு வந்தால் இன்னொரு சுற்று. "கீழே உள்ள எண்கள் வேற வேறயா இருக்கே, என்ன பண்றது" என்று நிற்கும் இடத்தில் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும், தட்டச் சொல்லக்கூடாது. 4ஐயும் 5ஐயும் 20 ஆக்கலாம் என்பது எந்தப் புள்ளியைத் தட்டினாலும் வராது. 15/20ம் 8/20ம் சேர்ந்து 23/20 என்று அந்தப் பிள்ளையே எழுதி முடித்தால் அன்றைக்கு அது போதும். கற்றுக்கொள்வதே பயத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது: ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் தனித்தனியாகக் கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள், பயம் அதிகமாக இருந்தவர்களுக்கு அது குறைந்தது, பயத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் கொந்தளிப்பும் அடங்கியது. அங்கே யாரும் எதையும் தட்டவில்லை.

தொடுவதைப் பற்றி: பிள்ளையின் முகத்தில் நீங்கள் தட்ட வேண்டாம். நீங்கள் உங்கள் முகத்தில் தட்டிக் காட்டுங்கள், பிள்ளை தன் முகத்தில் தட்டிக்கொள்ளும். வகுப்பில் ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பி "நீ தட்டு, உனக்குத்தான் பயம்" என்பதும் கூடாது. செய்தால் எல்லோரும் செய்யுங்கள், நீங்களும் சேர்த்து. வேண்டாம் என்கிற பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ரமிரெஸ், பெய்லாக் இருவரும் 2011இல் செய்த ஆய்வில் பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளைத் தாளில் எழுதிய மாணவர்கள் எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். காகிதமும் பேனாவும் போதும், யாரும் வேடிக்கையும் பார்க்க மாட்டார்கள்.

உங்களுக்கே கணக்கு என்றால் அலர்ஜியா? அப்படியானால் முதலில் நீங்கள் தட்டுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கணக்கு பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவும்போது பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகக் கற்றார்கள், பயமும் கூடியது என்று 2015இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு சொல்கிறது. "எனக்கும் சின்ன வயசிலேர்ந்து கணக்கு வராது, நம்ம பரம்பரையே அப்படித்தான்" என்ற ஆறுதல் வார்த்தை ரொம்ப ஆபத்தானது.

எல்லாப் பயமும் வெறும் பயம் அல்ல. மாதக்கணக்கில் நிதானமாகச் சொல்லிக்கொடுத்த பிறகும் எது பெரிய எண் என்பதிலேயே தடுமாறுகிறது, சின்னக் கூட்டலுக்கும் விரலை விட்டு வர முடியவில்லை, கடிகாரம் பார்ப்பதிலும் சில்லறை எண்ணுவதிலும் சிக்கல் என்றால் டிஸ்கால்குலியாவாக (எண்களைப் புரிந்துகொள்வதில் இருக்கும் கற்றல் குறைபாடு) இருக்கலாம். அதற்கு முறையான பரிசோதனை தேவை. கணக்கு வகுப்புள்ள நாளில் வாந்தி, தூக்கமின்மை, பள்ளிக்கே போக மாட்டேன் என்ற அழுகை என்று போனாலோ, கணக்கை வைத்து யாராவது அடித்த, அவமானப்படுத்திய கதை வெளியே வந்தாலோ நீங்களே தட்டிச் சரிசெய்யப் பார்க்காமல் உளவியல் ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள்.

கடைசியாகப் பரீட்சை. அன்று காலையில் முதல்முறையாக டேப்பிங்கை அறிமுகப்படுத்துவது அடிக்கடி நடக்கிறது, பிள்ளைக்கு அது இன்னொரு புதுப் பாடம் மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று வாரம் முன்பே, பதற்றமில்லாத நாட்களிலும் பழக வேண்டும். இன்னொன்று, கணக்கு பயம் அதிகமுள்ளவர்களுக்குக் கணக்கைப் போடும்போது இருப்பதைவிட அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போதுதான் மூளையில் வலியோடு தொடர்புள்ள பகுதிகள் கிளர்கின்றன என்று லயன்ஸ், பெய்லாக் ஆய்வு 2012இல் காட்டியது, அதனால் தட்டுவதற்குச் சரியான நேரம் தாள் கைக்கு வருவதற்கு முந்தைய சில நிமிடங்கள். தேர்வறையில் உட்கார்ந்து முகத்தைத் தட்டிக்கொண்டிருக்க எந்தப் பிள்ளையும் விரும்பாது. மேசைக்கு அடியில் ஒரு கை விரல்களின் நக ஓரங்களை மறு கையால் ஒவ்வொன்றாகத் தட்டலாம், பழைய ஈ.எஃப்.டி. முறையிலும் விரல் புள்ளிகள் உண்டு, யாருக்கும் தெரியாது. தாள் வந்ததும் அதில் இருப்பதிலேயே சுலபமான கணக்கைத் தேடி முதலில் போடச் சொல்லுங்கள், அது 14வது கேள்வியாக இருந்தாலும்.