மொய் நோட்டும் குழாயடியும்: இல்லாமல் போன கடலோர வரிசையைத் திரும்ப எழுதும் முறை

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இருந்த இடம், மும்பையில் ரே ரோடு ஸ்டேஷனுக்குக் கிழக்கே, தாருகானா பக்கம், கடலை ஒட்டிய ஒரு வரிசை. மொத்தம் 22 வீடு, எல்லாம் தகரமும் பலகையும். ஆண்கள் பந்தரில், அதாவது சரக்கு இறங்கும் துறையில், மூட்டை தூக்கினார்கள், கப்பல் உடைக்கிற இடத்தில் இரும்பு சுமந்தார்கள். இன்று அங்கே நீளமாக ஒரு குடோன் சுவர் மட்டும் நிற்கிறது. அந்த வரிசைக்குப் பெயர்ப் பலகை இருந்ததே இல்லை. அப்பா உயிரோடு இருந்தவரை நான் எதையும் கேட்டு வைக்கவில்லை. அந்த வருத்தத்தோடுதான் அம்மாவையும் அத்தையையும் உட்கார வைத்து இரண்டு வருடமாக எழுதி வருகிறேன். இப்படித் தெருவையே இழந்த குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்காக நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், “அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?” என்று கேட்காதீர்கள். “கஷ்டம்தான், வேற என்ன” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு பெரிய சார்ட் தாளைத் தரையில் விரித்து, நடுவில் ஒரு புள்ளி வைத்து, “இதுதான் குழாய். குழாய்க்குப் பக்கத்து வீடு யாரு?” என்று கேளுங்கள். எங்கள் வரிசையில் இருந்தது ஒரே குழாய். விடிகாலை குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்ற பெண்களுக்கு, தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பது இன்றும் மறக்கவில்லை. அத்தை ஒரே மூச்சில் ஒன்பது வீட்டைச் சொன்னாள். ஆண்களிடம் இதே கேள்வி வேலை செய்யாது. மாமாவிடம் வீடுகளைக் கேட்டபோது மூன்றுக்கு மேல் வரவில்லை. “என்னென்ன கப்பல் உடைச்சீங்க மாமா?” என்று கேட்டதும் அரை மணி நேரம் பேசினார். கடற்படையின் பழைய விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்தை 2014 கடைசியில் அதே தாருகானாவில்தான் உடைக்கத் தொடங்கினார்கள். அதை டிவியில் பார்த்தபோது, தான் நின்ற கரை தெரிகிறதா என்று தேடியதாகச் சொன்னார்.

பெரியவர்கள் சொல்கிற இடப் பெயர்களை அவர்கள் வாயில் வருகிறபடியே எழுதுங்கள். கோல்சா பந்தர், லக்டி பந்தர், பிரிக் பந்தர் எல்லாம் அங்கே இறங்கிய சரக்கின் பெயர்கள்: கரி, விறகு, செங்கல். தாருகானா என்றால் வெடிமருந்துக் கூடம். “தாத்தா கோல்சா பந்தருக்குப் போனார்” என்றால், அவர் உடம்பெல்லாம் கரியோடு வீடு திரும்பினார் என்பதும் அதிலேயே இருக்கிறது. மண்ணெண்ணெய் என்று நீங்களாகத் திருத்தாதீர்கள், அவர்கள் ‘ராக்கேல்’ என்றால் ராக்கேல்தான்.

உட்கார்ந்து பேட்டி எடுப்பது போல வேண்டாம். கையில் வேலை இருக்கட்டும். அத்தை நன்றாகப் பேசுவது ஜவ்ளா ஆயும்போதுதான். முறத்தில் காய்ந்த கூனியைப் பரப்பி, தூசும் ஓடும் பொறுக்கிக்கொண்டே பேசுவாள். கண் முறத்தில் இருப்பதால் கூச்சம் இல்லை. நடுவில் ஒரு கூனியை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “ஏட்டி, நம்ம வீட்டுக் கூரை மேல இதத்தான் காயப்போடுவோம், காக்கா விரட்டதுதான் ஒங்க அப்பனுக்கு வேல” என்றாள். அப்பா கையில் குச்சியோடு நின்ற அந்தக் காட்சி எந்தக் கேள்விக்கும் கிடைத்திருக்காது. போனை ஃப்ளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தொடக்கத்திலேயே தேதியையும் பேசுபவர் யார் என்பதையும் சொல்லிவிடுங்கள். அன்று இரவே வேறு இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அவ்வளவு போதும்.

வருடம் கேட்டால் யாருக்கும் தெரியாது. எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று கேளுங்கள். தாத்தா வந்தது “கப்பல் வெடிச்சதுக்கு அப்புறம்” என்றார்கள். விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தது 14 ஏப்ரல் 1944. நம் ஆட்களுக்கு இன்னும் நல்ல அடையாளங்கள் உண்டு: அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, காமராஜர் இறந்தது 1975 அக்டோபர் 2, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. பம்பாய்க்கென்று உள்ளவை: டிராம் நின்றது 1964 மார்ச் கடைசி, டிவி வந்தது 1972 அக்டோபர், மில் வேலைநிறுத்தம் தொடங்கியது 1982 ஜனவரி. இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பிறந்த தேதிக்கு ஜாதக நோட்டை நம்புங்கள். பள்ளிச் சான்றிதழில் இருப்பது பல நேரம் சேர்க்கும்போது வசதிக்காகப் போட்ட தேதி.

இனி நான் பொக்கிஷமாக நினைப்பது: மொய் நோட்டு. அத்தை கல்யாணம் 1971இல், அந்த வரிசையிலேயே, இரண்டு வீட்டுக்கு நடுவே தார்ப்பாய் கட்டி நடந்தது. மொய் எழுதிய நாற்பது பக்க நோட்டை ஆச்சி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். தாத்தாவின் நீல மைக் கையெழுத்து. பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர், தெரியாதவர்களுக்கு அடையாளம்: “குழாயடி வீட்டம்மா 2 ரூபாய்”, “கரி குடோன் பெரியவர் 5 ரூபாய்”, “எதிர்வீட்டு மராட்டிக்காரர் 1 ரூபாய், தேங்காய் ஒன்று”. யார் யார் அங்கே குடியிருந்தார்கள், எந்த ஊர்க்காரர்கள், யாருக்கு எவ்வளவு முடிந்தது என்பதெல்லாம் அந்த ஒரு நோட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எதுவானாலும் தேடுங்கள். கிடைத்தால் ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசியுங்கள். ஒரு பெயருக்கு ஒரு கதை வரும்.

அடுத்து பாத்திரங்கள். நம் வீடுகளில் சீராக வந்த குடத்திலும் தம்ளரிலும் பெயரும் தேதியும் வெட்டியிருப்பார்கள். தேய்த்துத் தேய்த்து எழுத்து மங்கியிருந்தால், துடைத்துவிட்டுக் கொஞ்சம் திருநீற்றை எழுத்தின் மேல் தடவி, மேலோட்டமாகத் துணியால் வழித்துவிடுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெரியும். ஜன்னலோரம் சாய்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். அம்மா தினமும் அரிசி அளக்கும் தம்ளரின் அடியில் “பந்தர் வீடு” என்று புள்ளிப் புள்ளியாக வெட்டியிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன். கொடுத்தவர்கள் மூன்றாம் வீட்டுக்காரர்கள் என்று அம்மா சொன்னாள்.

ரேஷன் கார்டு, 1976 குடிசைக் கணக்கெடுப்புக்குப் பின் குடியிருந்தவர்களுக்கு அடையாளமாகக் கொடுத்த போட்டோ பாஸ், பழைய வாக்காளர் பட்டியல் நகல், மணியார்டர் துண்டு, இவற்றையெல்லாம் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். எங்கள் பழைய ரேஷன் கார்டை ஒரு கடையில் கொடுத்தேன். சூட்டில் மடிப்பு கிழிந்து, தாத்தா பெயரின் பாதி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் அதைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஒட்டும் ஆல்பத்தில் இருக்கும் போட்டோவைப் பிய்க்க வேண்டாம், அப்படியே மேலிருந்து படம் எடுங்கள். தனியாக இருக்கும் போட்டோவின் பின்னால் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

இருவர் மாற்றிச் சொன்னால் யாரையும் திருத்தாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. மழைக்காலத்தில் கடல் வீட்டுக்குள் வந்தது நடுராத்திரி என்று அத்தை. “இல்ல மதினி, உச்சி வெயில் நேரம், உலையில சோறு கொதிக்குது” என்று அம்மா. இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் கடல்மட்ட அட்டவணையைப் பார்த்தேன். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பர்த்தி (கடல் ஏற்றம்) பகல் பன்னிரண்டை ஒட்டியும், சுமார் பன்னிரண்டரை மணி நேரம் கழித்து நள்ளிரவை ஒட்டியும் ஏறும். இருவர் சொன்னதும் சரி. மாமியார் வீட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை ராத்திரி விழித்துக் கட்டில் மேல் பிள்ளைகளை ஏற்றியவள், அம்மா பகலில் தனியாக அடுப்பைத் தூக்கியவள். இரண்டையும் அவரவர் பெயரோடு எழுதினேன்.

வரைபடத்துக்கு எங்களிடம் ஒரு விதி இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னால் பென்சில். இன்னொருவரும் தனியாக அதையே சொன்னால் பேனா. யாருக்கும் தெரியாத வீட்டை யூகித்து நிரப்பாமல் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்புங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் அவர்களால் சும்மா இருக்க முடியாது.

எங்கள் தாளில் குழாயிலிருந்து ஏழாவது கட்டம் ஒன்றரை வருடம் வெறுமையாக இருந்தது. போன மாதம் திருநெல்வேலியிலிருந்து அப்பாவின் சித்தி போன் செய்தார். “அது கோழி வளத்த வீடுல்லா? முட்டை கடனுக்குத் தருவா” என்றார். அத்தைக்கு நினைவில்லை, அம்மாவுக்கும் இல்லை. மொய் நோட்டில் “முட்டைக்காரம்மா 1 ரூபாய்” என்று ஒரு வரி இருக்கிறது, ஆனால் எந்த வீடு என்று தாத்தா எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் இப்போது பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.