கல்லும் களிமண்ணும் உள்ள நிலத்தில் நேரான கேரட்

கேரட், முள்ளங்கி ஆகியவற்றின் ஆணிவேர் முளைத்தவுடனேயே கீழ்நோக்கி வேகமாக நீள்கிறது. அதன் நுனி ஒரு கூழாங்கல்லிலோ இறுகிய மண்கட்டியிலோ முட்டினால், கிழங்கு அங்கேயே இரண்டாகக் கவைத்துவிடும். ஆகவே, தோட்டம் முழுவதையும் திருத்த முயல்வதைவிட, மிதமான ஈரமுள்ள மண்ணில் கடப்பாரையை 30 செ.மீ. ஆழத்துக்கு இறக்கிச் சுழற்றி, மேல்வாய் சுமார் 8 செ.மீ. அகலமுள்ள கூம்புக் குழிகளை எடுத்து, சலித்த மண், மணல், நன்கு மக்கிய இலை உரம் ஆகியவற்றைக் கலந்து நிரப்புவதே சிறந்த வழி என்பேன். களிமண்ணில் குழியின் பக்கங்கள் வழவழவென்று இறுகிவிடும் என்பதால், நிரப்புமுன் குச்சியால் கீறிவிடுங்கள். புதிய சாணம் வேண்டவே வேண்டாம். குழிக்கு மூன்று விதைகள் ஊன்றி, முளைத்தபின் வலுவான ஒன்றை விட்டு, மற்றவற்றைப் பிடுங்காமல், அதன் வேர் அசையாதபடி, தரைமட்டத்தில் கத்தரித்துவிடுங்கள்.