கிராமத்தில் காலநிலை பற்றிப் பேசப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"காலநிலை மாற்றத்தை நம்புகிறீர்களா?"

கிராமப்புறக் கணக்கெடுப்புகளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது. தமிழில் நாம் கடவுளை நம்புவோம், சகுனத்தை நம்புவோம், கடன் கேட்டு வந்த ஆளை நம்புவோம். வெயில் ஏறியிருக்கிறதா என்பது நம்புகிற விஷயமா? பதில் சொல்ல வேண்டியவர் கொஞ்சம் யோசிப்பார். வந்தவர் முகத்தைப் பார்ப்பார். அவர் மனம் நோகாதபடி "ஆமாங்க" என்பார். கேட்டவர் ஒரு டிக் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். முதல் தவறு அங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு கேள்விக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மழையும் வெயிலும் மாறியிருக்கின்றனவா? மாறியிருந்தால் யார் காரணம்? அதனால் எனக்கு என்ன கெடுதல்? நான் ஏதாவது செய்தால் பலன் உண்டா? ஒருவரே இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றும் இன்னொன்றுக்கு இல்லை என்றும் சொல்லலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2011-ல் விவசாயிகளிடம் எடுத்த கணிப்பில், காலநிலை மாறிவருகிறது என்று ஒப்புக்கொண்டவர்கள் 68 சதவீதம். முக்கியக் காரணம் மனிதச் செயல்கள்தான் என்றவர்கள் 10 சதவீதம். இந்த விவசாயிகள் நம்புகிறவர்களா, நம்பாதவர்களா? எந்த எண்ணை எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து பதில் தலைகீழாகிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, மனம் மாறினால் நடத்தை தானாக மாறிவிடும் என்று எண்ணிக்கொள்வது. கூட்டம் போட்டு, படம் காட்டி, கைதட்டு வாங்கித் திரும்புகிற திட்டங்கள் எல்லாம் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன. ஒருவர் ஒன்றைச் செய்வாரா என்பதற்கு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்றார் உளவியலாளர் ஐசெக் அய்சன். அவருடைய கோட்பாட்டை விரிவாகச் சொல்லும் கட்டுரை 1991-ல் வந்தது. அந்தச் செயலைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது ஒன்று. சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைக்கிறார் என்பது இரண்டாவது. அதைச் செய்வது தன் கையில் இருக்கிறது என்று நினைக்கிறாரா என்பது மூன்றாவது. நம் பிரசாரமெல்லாம் முதலாவதோடு நின்றுவிடுகிறது. கிராமத்தில் ஆளைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் மூன்றாவதுதான்.

நெல் வயலை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் தேங்கியே இருக்கும் மண்ணில் காற்றுப் புகாது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் பூமியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால், அதாவது துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மட்டும் பாய்ச்சினால், மீத்தேன் கிட்டத்தட்டப் பாதி வரை குறையலாம். தண்ணீரும் மிச்சம். பூக்கும் தருணத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் இடத்தில் கடைமடை விவசாயி என்ன செய்வார்? வருகிற அன்றைக்கு வரப்பு வரை நிரப்பிக்கொள்வார். அடுத்த முறை எப்போது என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு மீத்தேன் பற்றி நாள் முழுக்க வகுப்பெடுத்தாலும் மடையின் சாவி அவர் கையில் இல்லை. குத்தகை நிலத்தில் மரம் நடச் சொல்வதும் இதே கதைதான். நிழல் வருவதற்குள் குத்தகை முடிந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. "காலநிலையாவது ஒண்ணாவது" என்று சிரிக்கிற ஒருவர் வருடாவருடம் மூடாக்கு போடுவார், அதாவது வைக்கோல், சருகால் மண்ணை மூடிவைப்பார். கேட்டால், களை வராது, ஈரம் காயாது என்பார். அவரை நம்ப வைத்துத்தான் தீருவேன் என்று உட்கார்ந்து வாதாடுவது வீண். செய்கிற வேலையை நிம்மதியாகச் செய்ய விடலாம்.

அப்புறம், இல்லாமையைப் பசுமை என்று புகழ்வது. பேருந்து வராததால் சைக்கிளில் போகிறவரைச் சுற்றுச்சூழல் காவலர் ஆக்கிவிடுகிறோம். கையில் காசு வந்ததும் அவர் பைக் வாங்கினால் நமக்கு ஏமாற்றம். அவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, நாம்தான் தப்பாகப் படித்தோம்.

நினைவை அளவுகோலாக்குவதில், அதை அப்படியே நம்புகிறவர்களும் சறுக்குகிறார்கள், ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறவர்களும் சறுக்குகிறார்கள். உலக வானிலை அமைப்பு காலநிலைச் சராசரிக்கு 30 ஆண்டுகளை அடிப்படையாகக் கொள்கிறது. மனித நினைவோ கடைசியாக அடித்த வெயிலையும் பயிரை அழித்த மழையையும்தான் பெரிதாக வைத்துக்கொள்ளும். அதற்காக விவசாயி சொல்வதைத் தள்ளிவிடவும் கூடாது. விதைத்த தேதி, கிணற்றில் நீர் நின்ற ஆழம், பூச்சி வந்த மாதம் என்று யாராவது குறித்து வைத்த பழைய நோட்டு கிடைத்தால் அது தங்கம். மழைமானி இல்லாத ஊரில் வேறு எந்தப் பதிவும் இருக்காது.

எல்லாப் பழியையும் காலநிலை மேல் போடுவதும் ஒரு வசதியான தவறு. நிலத்தடி நீர் இறங்கினால் மழை குறைந்ததா என்று மட்டும் பார்க்காமல், ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை ஆகிவிட்டன என்றும் எண்ண வேண்டும். வெள்ளத்தில் காலநிலையும் மனிதர் செய்த வேலையும் இரண்டுமே கலந்திருக்கும். பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 2011–2020-ல் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். கொட்டும்போது கனமாகக் கொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கொட்டிய நீர் போகும் ஓடையை அடைத்தது காற்று அல்ல. "எல்லாம் காலநிலை" என்று நாம் சொல்லிவிட்டால், அடைத்தவர்தான் அதிகம் சந்தோஷப்படுவார்.

பட்டியலைக் குழப்புவது இன்னொன்று. பிளாஸ்டிக் குப்பை, ஓசோன் ஓட்டை, புவி வெப்பமாதல் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறோம். அவை வேறு வேறு சிக்கல்கள். பிளாஸ்டிக் பை பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு உரத்தைப் பற்றி வாய் திறக்காமல் போகிறவர்கள் உண்டு. பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்தில் ஒரு பகுதி மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்புகிறது. 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, அது கரியமில வாயுவைவிடச் சுமார் 273 மடங்கு வெப்பமூட்டும். தேவைக்கு மேல் போடும் யூரியாவைக் குறைத்தால் செலவும் குறையும் என்பதால், விவசாயியிடம் பேச இதைவிட நல்ல இடம் கிடையாது. காலநிலை என்றதும் படத்தில் காட்டும் பனிக்கரடியை அதன் ஊரிலேயே விட்டுவிடலாம்.

யார் வழியாகப் பேசுகிறோம் என்பதிலும் கோட்டை விடுகிறோம். மறுபடியும் அயோவாதான். ரையன், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் கலப்பின மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று அங்கே 259 விவசாயிகளிடம் கேட்டு 1943-ல் எழுதினார்கள். விதையைப் பற்றி முதலில் தகவல் சொன்னவர்கள் பெரும்பாலும் விற்பனையாளர்கள். வாங்கலாம் என்று மனதைத் திருப்பியதில் அண்டை வயல்காரர்களின் பங்குதான் பெரியது. நாமோ, ஊரிலேயே அதிக நிலம் வைத்திருப்பவரை முன்னோடி விவசாயி என்று மேடையேற்றுகிறோம். அரை ஏக்கர்காரர் அதைப் பார்த்து, "அவருக்கென்ன, நஷ்டம் வந்தா தாங்குவார்" என்று எழுந்து போய்விடுகிறார். களையெடுக்கிற பெண்களையும் ஆடு மேய்க்கிறவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடவே மறந்திருப்போம்.

சராசரியைச் சொல்லி வெட்கப்பட வைப்பதிலும் கவனம் தேவை. கலிபோர்னியாவில் வீட்டு மின்சாரத்தை வைத்துச் செய்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், அக்கம்பக்கத்துச் சராசரியைச் சொன்னதும், அதற்கு மேல் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவர்களோ, "ஓ, இன்னும் கொஞ்சம் செலவழிக்கலாம் போல" என்பதுபோல் கூட்டிவிட்டார்கள். இந்தச் சிக்கனக்காரர்களுக்குப் பாராட்டாக, கூடவே ஒரு சிரித்த முகப் படம் போட்டு அனுப்பியபோதுதான் அது நின்றது.

சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் கொடுத்து, தண்ணீர் மிச்சமாகும் என்று எழுதிவைத்துவிட்டுப் போவதும் வழக்கம். மிச்சமான தண்ணீரில் விவசாயி இன்னும் கொஞ்ச நிலத்தை நனைப்பார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கிணறு பழையபடி இறங்கும்.

கடைசியாக, எண்ணுவதில் வரும் தவறு. எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள், எத்தனை கருவி கொடுத்தோம் என்று அறிக்கை நிரம்பிவிடும். ஒடிசாவில் புகை குறைந்த அடுப்புகளை வழங்கி, பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்ளோவும் அவரோடு சேர்ந்தவர்களும் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டில் புகையைச் சுவாசிப்பது குறைந்தது. பிறகு, அடுப்பைப் பராமரிக்கவும் இல்லை, ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை. கிடைத்த பலனும் போய்விட்டது. முதல் ஆண்டு முடிவிலேயே கணக்கை மூடியிருந்தால் அது வெற்றிபெற்ற திட்டமாகத்தான் பதிவாகியிருக்கும். ஆகவே மூன்றாம் வருடம், மானியம் நின்ற பிறகு, முன்கூட்டிச் சொல்லாமல் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கேள்வித்தாள் தேவைப்படாது. அடுப்பு எரிகிறதா, வயலில் புதைத்த குழாய் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.