களிக்கும் கணக்கு உண்டு: சர்க்கரை ஏறி இறங்க வைக்கும் சாப்பாட்டுத் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒருவருக்குச் சுகர் என்று தெரிந்துவிட்டால் மறுநாளே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: இனி சோறு கிடையாது, மூன்று வேளையும் ராகிக் களிதான். நம் மண்ணில் விளைவது, தாத்தா காலத்திலிருந்து தின்று பழகியது, டாக்டரும் சிறுதானியம் நல்லது என்கிறார். அப்புறம் ஒரு மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு 280 என்று வந்து நிற்கும். "களிதானேங்க தின்னேன்?" என்று கேட்பவர்களை இங்கே எந்த மருத்துவமனை வரிசையிலும் பார்க்கலாம்.

ராகி நல்ல தானியம், அதில் சந்தேகமில்லை. தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து பல மடங்கு அதிகம். சுண்ணாம்புச்சத்து 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் மாவுச்சத்தும் குறைவில்லை. 100 கிராம் ராகி மாவில் 65 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது. அரிசியில் 78 கிராம் வரும். இவ்வளவுதான் வித்தியாசம். களி கிண்டும்போது ஒரு நாள் அடுப்படியில் நின்று பாருங்கள். கொதிக்கிற தண்ணீரில் முதலில் ஒரு பிடி அரிசி நொய் போகும். அது வெந்த பிறகுதான் மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டுவார்கள். சோற்றை விட்டுவிட்டேன் என்று சொல்பவரின் உருண்டைக்குள்ளேயே அரிசி இருக்கிறது. பெரிய உருண்டை என்றால் 100 கிராம் மாவு சர்வசாதாரணம். மாவுச்சத்தில் அது ஏறக்குறைய கால் கிலோ சோற்றுக்குச் சமம். காட்டு வேலைக்குப் போன தாத்தா இரண்டு உருண்டை தின்றால் வேலையிலேயே அது கரைந்தது. பஸ் ஸ்டாண்டில் கடை வைத்து நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பேரனுக்கு எங்கே கரையும்?

இன்னொரு சங்கதி, களியை நம் ஆட்கள் மெல்லுவதில்லை. குழம்பில் புரட்டி முழுங்குவதுதான் முறை. மென்று தின்பவரைப் பார்த்தால் சிரிப்பார்கள். அதனால் தட்டு ஐந்து நிமிஷத்தில் காலி. வயிறு நிறைந்த உணர்வு வருவதற்குள் இரண்டாவது உருண்டையும் உள்ளே போய்விடுகிறது.

களியை விடச் சொல்லவில்லை. உருண்டையைப் பாதியாக்கிவிட்டு, மீதி இடத்தைக் கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு, கீரைக் கடைசல், முட்டை, மீன் என்று எதையாவது வைத்து நிரப்புங்கள். பயறும் கீரையும் கெட்டியாக இருக்க வேண்டும், குழம்புத் தண்ணீர் கணக்கில் வராது. முதலில் கீரையையும் பயறையும் தின்றுவிட்டுக் கடைசியில் களிக்கு வந்தால், அதே அளவு களிக்குச் சர்க்கரை மெதுவாகவும் குறைவாகவும் ஏறும். செலவே இல்லாத மாற்றம், ஆனால் பழக்கத்துக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும்.

கஞ்சியாகக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். நைஸாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சிய மாவு வயிற்றில் தங்குவதில்லை. முளைகட்டிய ராகி மாவு இதில் ஒருபடி மேல். முளைக்கும்போதே மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக உடைந்துவிடுகிறது. கைக்குழந்தைக்கு அது நல்லது, சீக்கிரம் செரிக்கும். சுகர் உள்ள பாட்டிக்குக் காலையில் ஒரு சொம்பு அதையே கொடுப்பது வேண்டாத வேலை.

சரி, ஏறுவதை விடுங்கள். ஆளைச் சாய்ப்பது இறக்கம். நேற்று 280 காட்டியதே என்று பயந்து இன்று காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்கள், மாத்திரையை மட்டும் விடமாட்டார்கள். நூறு நாள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் இதேதான் நடக்கிறது: வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு டீ, கையில் மண்வெட்டி. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளும் இன்சுலினும் அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்த்து அவை வேலை செய்வதில்லை. பதினொரு மணி வெயிலில் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். பக்கத்தில் இருப்பவர்கள் வெயில் மயக்கம் என்று நிழலில் படுக்க வைத்துவிடுவார்கள்.

அளவு 70-க்குக் கீழே போனால், அல்லது சர்க்கரை பார்க்கும் கருவி கையில் இல்லாமல் இந்த அறிகுறிகள் வந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. சாக்லேட், பால்கோவா இந்த நேரத்துக்கு ஆகாது, அவற்றில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நேராக 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெரும்பாலோர் செய்யும் தவறு இதற்கு அடுத்தபடியில் இருக்கிறது. இறங்கிய பயத்தில் சர்க்கரைத் தண்ணீர், மேலே நாலு பிஸ்கட், வாழைப்பழம், வீட்டுக்கு வந்து முழுச் சாப்பாடு என்று அடுக்குவார்கள். சாயங்காலம் பார்த்தால் 300. அதைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாடு கட். மறுநாள் விடிகாலையில் மறுபடி நடுக்கம். இந்தச் சுழலை முறிக்க ஒரே வழி, முந்தின வேளையின் கணக்கை அடுத்த வேளையில் தீர்க்காமல் இருப்பது. எந்த அளவு வந்தாலும் அடுத்த சாப்பாடு வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில். இன்னொன்று: இரண்டு உருண்டையை ஒன்றாகக் குறைக்க முடிவு செய்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய சாப்பாட்டுக்குப் பொருத்திக் கொடுத்த மாத்திரை அளவு புதிய சாப்பாட்டுக்கு அதிகமாகிவிடலாம். கிருத்திகை, ரமலான் நோன்புக்கும் இதுவே பொருந்தும்.

மாம்பழம். மே, ஜூனில் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழமே கூடாது என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. 100 கிராம் சதையில் சுமார் 15 கிராம் சர்க்கரைச்சத்து இருக்கிறது. நாலைந்து துண்டு பிரச்சினை இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தயிர்ச்சோற்றோடு முழுப் பழத்தையும் முடிப்பதுதான் பிரச்சினை. பழம் தின்கிற வேளையில் சோறோ களியோ அந்த அளவுக்குக் குறையட்டும். ஜூஸ் வேண்டவே வேண்டாம், பாட்டிலில் வருவது அதைவிட மோசம்.

இந்த சீசனில் ஒரு வேடிக்கையும் நடக்கும். செந்தூராவை உரித்துத் தின்ற கையோடு விரலைக் குத்திப் பார்ப்பார்கள், கருவி 350, 400 என்று அலறும். ரத்தத்தில் அவ்வளவு இருக்காது, விரலில் ஒட்டிய பழச்சாறுதான் அது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைதான். நிறம்தான் வேறு. இதைப் பற்றி வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருப்பவர்கள் தனி ரகம். வெறும் வயிற்று அளவு அதில் கொஞ்சம் ஏமாறும். ஆனால் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும், அதற்கு உங்கள் இரண்டு நாள் நாடகம் தெரியாது. அதேநேரம் சராசரி மட்டும் பார்ப்பதிலும் ஓட்டை இருக்கிறது: 60-க்கும் 300-க்கும் நடுவே ஆடுபவருக்கும் சராசரி ஒழுங்காக வரலாம். ஆட்டம் தெரிய வேண்டுமென்றால் சாப்பாட்டின் முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். பலருக்கு அது 180-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் வீடு தேடி வரும் பணியாளரிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், என்ன சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் கதை வேறு. இரவு ஒரு மணிக்குக் கேண்டீன் சாப்பாடு, விடிந்து வீட்டுக்கு வந்ததும் இட்லி, உடனே தூக்கம். சர்க்கரையைச் செலவழிக்கத் தசைக்கு வேலையே இல்லை. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, நடு இரவில் சுண்டல், முட்டை மாதிரி சின்னதாக வைத்துக்கொள்ளலாம். காலையில் சாப்பிட்டதும் படுக்காமல் பத்து நிமிஷம் தெருவில் நடந்தால்கூட வித்தியாசம் தெரியும். "காலை 1, இரவு 1" என்று சீட்டில் இருப்பது பகல் வேலைக்காரருக்கு எழுதியது. வாராவாரம் ஷிப்ட் மாறுகிறது என்பதைச் சொல்லி, எந்த மாத்திரையை எந்தச் சாப்பாட்டோடு போட வேண்டும் என்று டாக்டரிடம் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.