ஒரு கையால் தமிழ் தட்டச்சு

பக்கவாதம் வந்த பிறகு எனக்கு இடது கை மட்டும்தான் சொன்ன பேச்சு கேட்கிறது. டிடிபி வேலையை, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைப்பதை, விடவில்லை. கை தளர்ந்தவர்கள் யாராவது "எந்தக் கருவி வாங்கலாம் அண்ணே?" என்று கேட்டால், பர்ஸை உள்ளே வையுங்கள், முதலில் விசை அழுத்துவதைக் குறைப்போம் என்பேன்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஷிஃப்ட்டை 5 முறை விடாமல் தட்டுங்கள். ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்கும், ஆம் கொடுங்கள். இனி ஷிஃப்ட்டைப் பிடித்தபடி இன்னொரு விசையைத் தேட வேண்டாம், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். கை நடுக்கத்தில் ஒரே எழுத்து நாலு தடவை விழுகிறதா? வலது ஷிஃப்ட்டை 8 விநாடி அழுத்திப் பிடித்து ஃபில்டர் கீஸைப் போடுங்கள்.

அடுத்து, மொழி அமைப்பில் தமிழ்99 விசைப்பலகையைச் சேருங்கள். 1999இல் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவர்கள் 'கண்ணன்' என்று எழுத 6 எழுத்து அடிக்க வேண்டும். இரண்டு 'ண'வுக்கும் தனித்தனியே ஷிஃப்ட், ஆக 8. தமிழ்99இல் க, ண, ண, ன, புள்ளி: 5 தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங்-க, ஞ்-ச, ந்-த, ம்-ப மாதிரி ஜோடிகளுக்கும் அப்படியே. 'தங்கம்' எழுத த, ங, க, ம, புள்ளி போதும். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் 'அ' தட்டுங்கள். ஷிஃப்ட் தேவைப்படுவதெல்லாம் ஜ, ஷ, ஸ, ஹ மாதிரி கிரந்த எழுத்துகளுக்கும் ஆய்த எழுத்துக்கும்தான்.

ஒரு குறை உண்டு. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம்; ஒற்றைக் கை குறுக்கும் நெடுக்குமாக நடக்கும். எண் பகுதி இல்லாத சின்ன கீபோர்டு வாங்கி, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டு, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். செலவு செய்வதென்றால் இதற்குச் செய்யலாம்.

நீளமாக எழுத வேண்டியிருந்தால் போனில் ஜிபோர்டின் (கூகுள் கீபோர்டு) மைக்கைத் தட்டித் தமிழில் சொல்லலாம். ரேடியோ செய்தி வாசிப்பது போல எழுத்துத் தமிழில் சொல்லுங்கள். வீட்டுப் பேச்சில் சொன்னால் திருத்துகிற வேலை அடிக்கிற வேலையை மிஞ்சிவிடும். வாய் குழறுகிறவர்கள் இதை நம்பி இருக்க வேண்டாம்.

கையே எழும்பாதவர்களுக்கு ஆண்ட்ராய்டில் ஸ்விட்ச் ஆக்சஸ் இருக்கிறது. எழுத்துகள் மேல் ஒரு கட்டம் நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய இடம் வரும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆண்ட்ராய்டு 12 முதல் பொத்தானும் வேண்டாம்: புருவம் உயர்த்துவது, வாய் திறப்பது, சிரிப்பது இவற்றையே கேமரா பொத்தானாக எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்து புருவம்தான் நல்லது. சிரிப்பை வைத்தால் பக்கத்தில் யாராவது ஜோக் அடிக்கும்போது எழுத்து தானாக விழும். போனை ஸ்டாண்டில் நிறுத்தி, வெளிச்சம் முகத்தில் விழும்படி அவரை உட்கார வையுங்கள். முதுகுப் பக்கம் ஜன்னல் வேண்டாம்.