கொடைக்கானலில் கல்யாணமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் மொய் நோட்டை எடுங்கள்

ரிசார்ட் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால், வீட்டுப் பீரோவில் கிடக்கும் பழைய மொய் நோட்டை எடுங்கள். அக்கா கல்யாணத்துக்கோ தம்பி காதுகுத்துக்கோ எழுதியது ஒன்று கண்டிப்பாக இருக்கும். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, யார் வராமல் இந்தக் கல்யாணம் நடந்தால் மனசு உறுத்துமோ அவர்கள் பேரை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். டெஸ்டினேஷன் வெட்டிங் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பட்ஜெட் எல்லாம் அப்புறம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் சித்தப்பா மகள் கல்யாணம் தை மாதம் கொடைக்கானலில் நடந்தது, முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. செக்கானூரணியிலிருந்து ராத்திரி 2 மணிக்கு வேன் கிளம்பியது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வயசானவர்கள் ஒவ்வொருவராக வாந்தி எடுக்க, நாலு இடத்தில் வண்டியை நிறுத்தி, முகம் கழுவ வைத்து, கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, ஒருவழியாக ரிசார்ட் வாசலில் இறங்கியபோது கெட்டிமேளம் முடிந்திருந்தது. அப்பத்தா வீட்டிலிருந்தே மஞ்சள் அரிசி கலந்து சுருக்குப்பையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். "பரவாயில்லப்பா, பிள்ளைக நல்லாருந்தாச் சரி" என்றார், பையை அவிழ்க்கவே இல்லை. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அழகர், தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு வந்து சேர்வதற்குள் தாலி கட்டியாகிவிட்டது என்று வருஷா வருஷம் சித்திரையில் சொல்லி வருத்தப்படுகிற ஊர் நம்முடையது. மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு மலைப்பாதை.

சரி, தாள் தயார். இப்போது ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். "வருவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "வராம இருப்போமா" என்றுதான் சொல்வார்கள். எப்போது கிளம்புவீர்கள், யாருடன் வருவீர்கள், ரெண்டு ராத்திரி தங்க முடியுமா என்று கேளுங்கள். உசிலம்பட்டிப் பக்கம் தாய்மாமன் வீட்டில் மாடு இருக்கும், காலையும் மாலையும் பால் கறக்க ஆள் வேண்டும். அரை நாளில் போய்த் திரும்பும் மண்டபத்துக்கு அவர் வந்துவிடுவார், மலைக்கு வர மாட்டார். தாய்மாமன் சீர் வேண்டும், அவரால் தங்க முடியாது என்றால் இடத்தை மாற்றுங்கள்.

செய்முறை, அதாவது மொய் வைப்பதும் திருப்பிச் செய்வதும், இன்னும் கனமான விஷயம். உங்கள் அப்பா முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் 501, 1001 என்று எழுதி வந்திருப்பார். அதைத் திருப்பிச் செய்ய ஒரு நாள் வரும் என்று மொய் வாங்கியவர்கள் காத்திருப்பார்கள். பத்திரிகை போகவில்லை என்றால் பணம் மிச்சம் என்று யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள், உறவை முறித்துவிட்டோம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் மலையில் 120 பேர், மதுரையில் வரவேற்பு என்று இரண்டாகப் பிரிக்க வேண்டி வரும். அப்போது செலவு குறைகிறது என்ற கணக்கு நிற்காது. உதாரணத்துக்கு, 60 அறை, 2 இரவு, அறைக்கு 4,500 ரூபாய் என்றால் தங்குவதற்கு மட்டும் 5,40,000 ரூபாய். மதுரை மண்டப வாடகையும் பந்திச் செலவும் இதற்கு மேல்தான்.

அட்வான்ஸுக்கு முன் ரிசார்ட்டில் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான்: நம்ம சமையல் மாஸ்டரை உள்ளே விடுவார்களா, ஹாலுக்குள் ஹோமம் வளர்க்கலாமா, அதிகாலையில் மேளம் வாசிக்க விடுவார்களா. கொடைக்கானலுக்கு 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், எல்லா வேனுக்கும் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, பந்திக்குப் பாட்டில் வைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு டம்ளருக்கு ஏற்பாடு செய்யுங்கள். மல்லிகையை மாட்டுத்தாவணியில் முந்தின நாளே வாங்கி ஏற்றிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் என்றால் மலைக்குப் போகவே வேண்டாம், மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் மாப்பிள்ளையே வந்து சேர முடியாது.

பதிவையும் யோசியுங்கள். தமிழ்நாட்டுக்குள் நடந்தால் 90 நாளுக்குள் பதிய வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு பெண் வீட்டு ஊரிலோ மாப்பிள்ளை ஊரிலோ பதியலாம். மூணாறு, குமரகம் என்று கேரளத்துக்குப் போனால் அங்கே உள்ளாட்சி அலுவலகத்தில், 45 நாளுக்குள்.

யாருக்கு இது பொருந்தும் என்றால், இரண்டு வீட்டாரும் பெங்களூரு, சிங்கப்பூர் என்று சிதறி இருந்து, எப்படியும் எல்லோரும் பயணம் பண்ணித்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு. அவர்கள் தாராளமாகச் செய்யலாம், மூன்று நாள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது பெரிய சந்தோஷம். மலை வேண்டாம், அழகான இடம் வேண்டும் என்றால் காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள், தொண்ணூறு கிலோமீட்டர் சமவெளி ரோடு, பெரியவர்கள் தூங்கிக்கொண்டே வரலாம். இல்லையென்றால் முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த திருப்பரங்குன்றத்தில் தாலி, பக்கத்து மண்டபத்தில் பந்தி, மறுவாரம் நண்பர்களோடு கொடைக்கானல். எங்கள் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு இப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம், அப்பத்தாவிடம் தேதியைக் கேட்டுவிட்டுத்தான் மண்டபம் பார்க்கப் போனோம்.